பத்து ரூபாய்ப் பையின் கடன்

நாகர்கோவில் வடசேரியில் உள்ள கனகமூலம் சந்தையிலிருந்து வெளியே வருகிறவர்களின் கையைப் பாருங்கள். தக்காளி, கத்தரிக்காய், முருங்கைக்காய், ஒரு சீப்பு மட்டிப்பழம் என்று ஐந்து கிலோ சுமை ஒரு சரசரக்கும் கவரில் தொங்கிக்கொண்டு போகும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அந்தக் கவருக்கு இடமில்லை என்பது கடைக்காரருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். ஆனாலும் "அண்ணாச்சி, ஒரு கவர் தாங்க" என்ற குரல் ஓயவில்லை.

சட்டத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டுப் பொருளை மட்டும் பார்த்தால் அந்தக் கவர் ஓர் அசாத்தியமான சாதனை. எடை ஏறத்தாழ எட்டு கிராம். தூக்கும் சுமை ஐந்து கிலோ, அதாவது தன் எடையைப்போல அறுநூறு மடங்குக்கு மேல். மழையில் நனையாது, மீன் தண்ணீர் கசியாது, மடித்தால் சட்டைப்பைக்குள் அடங்கும். இத்தனை திறமையும் சந்தையிலிருந்து வீட்டுக்கு வரும் அரைமணி நேரப் பயணத்தோடு முடிந்துவிடுகிறது.

இதற்கு மாற்றாக நாம் கொண்டாடும் மஞ்சப்பைக்கும் ஒரு சிக்கல் உண்டு. அது பிறக்கும்போதே கடனோடு பிறக்கிறது. அந்தக் கடன் எவ்வளவு, எத்தனை நடையில் அடையும், அடைக்காமல் விட்டால் யார் தலையில் விழும் என்பதே இந்த அத்தியாயத்தின் கணக்கு.

எட்டு கிராமின் வலு எங்கிருந்து வருகிறது?

1933-ல் இங்கிலாந்தின் நார்த்விச் நகரில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் வேதியியலாளர்கள் எரிக் ஃபாசெட், ரெஜினால்ட் கிப்சன் இருவரும் எத்திலீன் வாயுவை மிக அதிக அழுத்தத்தில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கலனைத் திறந்தபோது உள்ளே மெழுகுபோன்ற ஒரு வெள்ளைப் பொருள் படிந்திருந்தது. அதுதான் பாலிஎத்திலீன், நம் வழக்கில் பாலித்தீன். இரண்டாம் உலகப் போரில் ரேடார் கருவிகளின் கம்பிகளுக்கு அது உறையானது.

பாலித்தீன் என்பது கார்பன் அணுக்கள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் சங்கிலி. ஐ.சி.ஐ. முறையில் உருவான சங்கிலிகளில் ஆங்காங்கே கிளைகள் முளைத்திருக்கும். அதனால் அவை ஒன்றோடொன்று நெருங்கி அடுக்காக அமைய முடியாது. பொருள் மென்மையாக இருக்கும். ஆவின் பால் கவரை விரலால் தடவினால் தெரிவது இந்த வகை மென்மை. 1953-ல் ஜெர்மனியின் கார்ல் சீக்லர் ஒரு வினையூக்கியைக் கண்டுபிடித்தார். அதன் உதவியால் குறைந்த அழுத்தத்திலேயே, கிளையில்லாத நேர்ச்சங்கிலிகளை உருவாக்க முடிந்தது. நேரான சங்கிலிகள் நெருங்கி அடுக்காக அமைந்து படிகமாகின்றன. பொருள் விறைப்பாகிறது, வலுவும் கூடுகிறது. காய்கறிக் கடைக் கவர் சரசரவென்று ஓசையிடுவது இந்த விறைப்பினால்தான். தொட்டுப் பார்க்காமல் ஓசையை வைத்தே எந்தப் பாலித்தீன் என்று சொல்லிவிடலாம்.

ஸ்வீடனில் செல்லோபிளாஸ்ட் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டென் குஸ்டாஃப் துலின், பாலித்தீன் குழாயை மடித்து ஒட்டி வெட்டி, கைப்பிடியும் பையும் ஒரே துண்டாக அமையும் வடிவத்தை உருவாக்கினார். 1965-ல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. காகிதப் பைக்காக மரம் வெட்டுவது குறைய வேண்டும், இந்தப் பையைப் பலமுறை பயன்படுத்த வேண்டும் என்பதே அவர் எண்ணம் என்றும், தாமே ஒரு பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார் என்றும் அவர் மகன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். உலகம் வடிவத்தை எடுத்துக்கொண்டது, பழக்கத்தை விட்டுவிட்டது.

131 நடை

பொருளைப் பிறப்பிலிருந்து இறப்புவரை தொடர்ந்து, ஒவ்வொரு கட்டத்திலும் செலவான ஆற்றல், நீர், வெளியேறிய வாயு எல்லாவற்றையும் கூட்டும் முறைக்கு வாழ்க்கைச் சுழற்சி ஆய்வு என்று பெயர். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் பைகளைப் பற்றி இப்படி ஓர் ஆய்வை வெளியிட்டது. எட்டு கிராம் பாலித்தீன் பையை அளவுகோலாக வைத்தார்கள். புவி வெப்பமாதலில் அதற்குச் சமமாக வேண்டுமானால் காகிதப் பை 3 முறை கடைக்குப் போக வேண்டும். தடித்த மென்பாலித்தீன் பை 4 முறை. பருத்திப் பை 131 முறை.

பாலித்தீன் பையை வீட்டில் குப்பைக் கூடைக்கும் பயன்படுத்துகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் கணக்கு இன்னும் ஏறுகிறது. எல்லாப் பைகளும் அப்படி இரண்டாம் வேலை பார்த்தால் பருத்திப் பை 327 முறை போக வேண்டும். 2018-ல் டென்மார்க் அரசு வெளியிட்ட ஆய்வின் ஒரு கணக்கு இதையும் தாண்டியது. காலநிலையை மட்டும் பார்த்தால் சாதாரணப் பருத்திப் பைக்கு 52 முறை. ஓசோன் படலம் உட்பட எல்லா அளவுகோல்களையும் ஒன்றாக வைத்தால் 7,100 முறை. இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, துணிப்பையே ஏமாற்று வேலை என்று எழுதியவர்கள் உண்டு.

எண்ணுக்குள் இருப்பதைப் பார்க்க வேண்டும். பருத்திக்கு நீர் வேண்டும். உலக சராசரியில் ஒரு கிலோ பருத்தித் துணிக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர். உரம் வேண்டும், உரம் போட்ட மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். நூற்கவும் நெய்யவும் மின்சாரம் வேண்டும். அதில் பெரும்பங்கு நிலக்கரியில் வருவது. இந்தச் செலவெல்லாம் துணியின் எடையோடு கூடிக்கொண்டே போகும். பிரிட்டிஷ் ஆய்வில் இருந்த பருத்திப் பையின் எடை சராசரியாக 183 கிராம். நம் மஞ்சப்பை அவ்வளவு கனமில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அகலம் 35 சென்டிமீட்டர், உயரம் 40 சென்டிமீட்டர் உள்ள ஒரு மஞ்சப்பை. இரு பக்கமும் சேர்ந்து 0.28 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 120 கிராம் வரும் காடாத் துணி என்றால் 34 கிராம். காதும் மடிப்புத் தையலும் சேர்த்து 40 கிராம் என்று வைக்கலாம். 183 கிராமுக்கு 131 நடை என்றால் 40 கிராமுக்கு ஏறத்தாழ 30 நடை. அந்தப் பெரிய பை கொள்ளும் சாமானில் பாதிதான் மஞ்சப்பை கொள்ளும் என்று கண்டிப்பாகப் பார்த்தாலும் 60 நடை. இது துல்லியமான ஆய்வல்ல, அளவை உணர்வதற்கான மனக்கணக்கு. வாரத்தில் இரண்டு நாள் சந்தைக்குப் போகும் வீட்டில் நான்கு முதல் ஏழு மாதத்தில் கடன் அடைந்துவிடும். அதன் பிறகு போகும் ஒவ்வொரு நடையும் லாபம். நல்ல மஞ்சப்பை அதையும் தாண்டிப் பல ஆண்டு உழைக்கும். வெளுத்துப்போன பிறகு வீடு துடைக்கும்.

மஞ்சப்பையைக் காப்பாற்றிய அதே கணக்கு இன்னொரு உண்மையையும் சொல்கிறது. ஒரு வீட்டில் முப்பது மஞ்சப்பை அலமாரியில் மடித்துக் கிடந்தால், அத்தனையும் அடைபடாத கடன்.

கணக்கில் ஏறாத பாக்கி

எட்டு கிராம் கவரின் உற்பத்திக் கடன் சிறியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் மேற்சொன்ன ஆய்வுகள் இரண்டுமே, பை தன் வேலை முடிந்ததும் முறையாகச் சேகரிக்கப்பட்டு எரிஉலைக்கோ குப்பைக்கிடங்குக்கோ போய்ச் சேர்கிறது என்று எடுத்துக்கொண்டவை. தெருவில் விழும் பைக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. லண்டனுக்கும் கோபன்ஹேகனுக்கும் அது ஓரளவு பொருந்தலாம். நாகர்கோவிலைச் சுற்றியுள்ள நாஞ்சில் நாட்டுக்குப் பொருந்தாது.

இங்கே இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. ஆண்டுக்கு இரண்டு தடவை ஓடைகள் கழுவிவிடப்படுகின்றன. நாகர்கோவிலின் கழிவு ஓடைகள் பல பழையாற்றில் கலக்கின்றன. பழையாறு சுசீந்திரம் வழியாக மணக்குடிக் காயலில் சேர்கிறது, காயல் அரபிக்கடலில் திறக்கிறது. வழியெங்கும் நெல்வயலுக்கும் வாழைக்கும் தண்ணீர் கொண்டுபோகும் கால்வாய்கள். ஒரு கவர் மடையில் சிக்கினால் அதன்மேல் இலையும் சேறும் படிந்து வாய் அடைபடும். 2002-ல் வங்கதேசம் உலகிலேயே முதலாவதாக மெல்லிய பாலித்தீன் பைகளை நாடு முழுவதும் தடை செய்ததற்கும் இதுவே காரணம்: வெள்ளத்தின்போது வடிகால்களை அவை அடைத்துக்கொண்டன.

காற்றும் கூட்டுச் சேர்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று எட்டு கிராம் பையை எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகும். பழைய இரும்புக் கடையில் போட ஒரு கிலோ சேர்க்க வேண்டுமானால் இப்படி 125 பையைக் குனிந்து பொறுக்க வேண்டும். யார் பொறுக்குவார்கள்? மத்திய அரசின் விதிகள் பையின் தடிமனை 1999-ல் 20 மைக்ரான், 2011-ல் 40, 2016-ல் 50, 2021 செப்டம்பரில் 75, 2022 டிசம்பர் இறுதியில் 120 என்று ஏற்றிக்கொண்டே போனதன் நியாயம் இதில் இருக்கிறது. தடித்த பைக்கு விலை இருக்கும், விலை இருந்தால் பொறுக்க ஆள் வரும். தமிழ்நாடு தடிமன் பேச்சே வேண்டாம் என்று பிளாஸ்டிக் கைப்பை எல்லாவற்றையும் விலக்கியது.

மக்காத பொருள் உயிருக்குள் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையில் ஒரு சாட்சி கிடைத்தது. 2019 அக்டோபரில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை ஐந்து மணி நேர அறுவைச் சிகிச்சையில் எடுத்தார்கள். மாடு பிளாஸ்டிக்கை விரும்பித் தின்பதில்லை. நாம் மிச்சச் சோற்றைக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டு எறிகிறோம். முடிச்சை அவிழ்க்க மாட்டுக்கு விரல் இல்லை. முதல் இரண்டு இரைப்பை அறைகளிலிருந்து மூன்றாவது அறைக்குப் போகும் வாய் சிறியது; நன்றாக அரைபட்ட தீவனம் மட்டுமே தாண்டும். கவர் உள்ளேயே தங்கிப் பந்தாகச் சுருள்கிறது.

கடலாமை கவரை ஜெல்லிமீன் என்று நினைத்துத் தின்கிறது என்பது பழைய விளக்கம். 2020-ல் அமெரிக்காவில் பெருந்தலை ஆமைகளை வைத்து நடந்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. புதுப் பிளாஸ்டிக்கின் வாசத்தை ஆமைகள் பொருட்படுத்தவில்லை. சில வாரம் கடலில் கிடந்து பாசியும் நுண்ணுயிரும் படர்ந்த பிளாஸ்டிக்கின் வாசத்துக்கோ, உணவின் வாசத்துக்குத் தலைதூக்குவதுபோலவே தலைதூக்கின. மணக்குடிக் காயலின் பொழிமுகம் வழியே கடலுக்குப் போகும் கவர் நாளாக நாளாக இரையின் மணம் ஏறியதாகிறது.

மீனுக்கு என்ன செய்வது?

காய்கறிக்கு மஞ்சப்பை போதும். நாஞ்சில் நாட்டின் உண்மையான சோதனை மீன். சாளையும் அயிலையும் நெத்திலியும் இல்லாமல் இங்கே பெரும்பாலான வீடுகளில் மதியச் சாப்பாடு இல்லை. துணிப்பையில் மீன் வாங்கி வந்தவர் மறுமுறை அந்தத் தவறைச் செய்யமாட்டார்.

பருத்தி என்பது செல்லுலோஸ். அதன் சங்கிலி நெடுக நீரை இழுத்துப் பிடிக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் உண்டு. நல்ல வேட்டி வியர்வையை உறிஞ்சுவது இந்தக் குணத்தால். மீன் தண்ணீரையும் அது அப்படியே குடிக்கிறது, கூடவே ட்ரைமெத்திலமீன் என்ற நாற்றப் பொருளையும். ட்ரைமெத்திலமீன் ஒரு காரம். புளித்தண்ணீரில் ஊறவைத்தால் அமிலத்தோடு சேர்ந்து காற்றில் பறக்காத உப்பாக மாறிக் கழுவலில் போய்விடும். மீன் கழுவிய கையில் புளியைத் தேய்க்கிற வீட்டு வழக்கத்தின் வேதியியல் இதுதான். பையைத் துவைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. அமெரிக்காவில் கடைக்கு வந்தவர்களின் 84 பைகளைச் சோதித்த ஓர் ஆய்வில் 8 சதவீதப் பைகளில் ஈ.கோலி பாக்டீரியா இருந்தது, துவைத்ததும் 99.9 சதவீதத்துக்கு மேல் கிருமி போய்விட்டது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அமெரிக்க வேதித் தொழில்துறைச் சங்கம் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். முடிவு என்னவோ எளிது: பையைத் துவையுங்கள்.

ஆனால் மீனுக்குச் சரியான விடை துணியில் இல்லை. இந்தக் கரையில் கவர் வருவதற்கு முன்பும் மீன் விற்றது. தலையில் பனைநார்க் கடவம் சுமந்து வந்தவர்கள் ஓலைப்பட்டையில் போட்டுக் கொடுத்தார்கள், வீட்டிலிருந்து சட்டி வந்தது. பனையோலையின் மேற்புறம் மெழுகுப் பூச்சு உண்டு. வெயிலில் மரம் நீரை இழக்காமல் இருக்க இயற்கை பூசியது. நீரை ஒட்டவிடாத அந்தக் குணம் பாலித்தீனுக்கும் பொது. இரண்டிலும் மேற்பரப்பில் இருப்பது நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலிகள்தான். ஓலை மக்கும், பாலித்தீன் மக்காது, அவ்வளவே வேறுபாடு. ஓலைக்கு உரமில்லை, நூற்பில்லை, சாயமில்லை. ஆனால் ஏறி வெட்ட ஆள் வேண்டும். தென்னையும் ரப்பரும் பெருகிய மாவட்டத்தில் பனையும் குறைந்தது, பனையேறிகளும் குறைந்தார்கள். எஞ்சியிருப்பது சட்டி. "மக்ளே, சட்டி கொண்டாரலியா?" என்று மீன்காரம்மா கேட்டால் அது கிண்டலல்ல. எவர்சில்வர் தூக்குச்சட்டிக்கும் உற்பத்திக் கடன் உண்டுதான், ஆனால் அது இருபது வருடம் மீன் வாங்கும்.

துணி வேடம் போடுபவை

தடை வந்ததும் கடைகளில் ஒரு புதுவகைப் பை பரவியது. பார்த்தால் துணி, தொட்டாலும் துணிபோலத்தான். உற்றுப் பாருங்கள்: குறுக்கும் நெடுக்குமாக நூல் ஓடாது; சிறுசிறு புள்ளிகள் வரிசையாக அழுந்தியிருக்கும். உருக்கிய பாலிப்ரோப்பிலீனை மெல்லிய இழைகளாகப் பீய்ச்சி, பரப்பி, சூடான உருளையால் புள்ளி புள்ளியாக ஒட்டவைத்தது அது. ஓரத்தில் ஒரு சின்னத் துணுக்கைக் கத்தரித்து இடுக்கியில் பிடித்துத் தீக்காட்டினால் குட்டு வெளிப்படும். பருத்தி எரிந்து, காகிதம் எரிந்த வாசத்தோடு பொடிச் சாம்பலாகும். இது உருகிச் சொட்டும். ஆறியதும் கெட்டியான மணியாக இறுகும். நெய்யாத இந்தப் பிளாஸ்டிக் பையும் தமிழ்நாட்டின் 2018 அரசாணையில் தடைப்பட்டியலில் இருக்கிறது. நன்றாகத் தைத்ததாக இருந்தால் இதன் கடன் 11 நடையில் அடையும் என்பது பிரிட்டிஷ் ஆய்வின் கணக்கு. கடையில் இலவசமாகக் கிடைக்கும் மெல்லிய வகை அத்தனை நடை தாங்குமா என்பதே கேள்வி.

மக்கும் பை என்ற முத்திரையையும் அப்படியே நம்பிவிட முடியாது. இத்தகைய பைகள் மக்குவதற்குரிய வெப்பம் ஏறத்தாழ 58 டிகிரி செல்சியஸ், அதுவும் தொழில்முறை உரக்கூடத்தில். பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் மண்ணிலும் கடல்நீரிலும் மூன்று ஆண்டு கிடந்த ஒரு மக்கும் வகைப் பையை எடுத்துப் பார்த்தபோது அதில் இன்னும் கடைச்சாமான் தூக்க முடிந்தது. 2019-ல் வெளியான முடிவு இது.

காகிதப் பை நம் மழைக்கு நிற்காது. காகித இழைகளைப் பிடித்திருப்பது ஹைட்ரஜன் பிணைப்பு. நீர் புகுந்ததும் பிடி விட்டுப்போகும்.

தடை, விலை, திரும்பி வருதல்

பை விஷயத்தில் குமரி மாவட்டம் மாநிலத்துக்கு மூத்தது. 2010 வாக்கில் ஆட்சியராக இருந்த ராஜேந்திர ரத்னூ பிளாஸ்டிக் பைகளை மாவட்டத்திலிருந்து விலக்கும் முயற்சியைத் தொடங்கினார். சேகரித்த பிளாஸ்டிக்கைத் துருவி, மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் ராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கிய முறையில் தாரோடு கலந்து சாலையும் போட்டார்கள். மாநிலத் தடை வந்தது 2019-ல். 2021 டிசம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரங்கள் சந்தைகளிலும் பேருந்து நிலையங்களிலும் வந்தன.

இங்கேதான் நம் கடன் கணக்கு உதவுகிறது. பையை மறந்து வந்தவர் பத்து ரூபாய் போட்டுப் புதுப்பை வாங்குகிறார். அடுத்த வாரமும் மறக்கிறார், இன்னொன்று வாங்குகிறார். கவர் ஒன்று குறைந்தது உண்மை. நாற்பது கிராம் பருத்தியும் நானூறு லிட்டர் தண்ணீரும் ஒரே நடைக்குச் செலவானதும் உண்மை. பிரிட்டன் இந்தக் குழியில் விழுந்து பார்த்தது. மெல்லிய பைக்குக் கட்டணம் வைத்ததும் அதன் விற்பனை பெரிய கடைகளில் 90 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. பதிலுக்கு 'ஆயுட்காலப் பை' என்று தடித்த பை விற்றார்கள். 2018-ல் மட்டும் பெரிய கடைகள் விற்ற ஆயுட்காலப் பை 150 கோடி, வீட்டுக்கு 54. ஒரு வீட்டுக்கு எத்தனை ஆயுள்? கலிஃபோர்னியா 2016-ல் மெல்லிய பையைத் தடுத்துத் தடித்த பிளாஸ்டிக் பையை அனுமதித்தது. மக்கள் அதையும் ஒரே தடவையில் எறிந்தார்கள். 2024-ல் புதுச் சட்டம் இயற்றி அந்த ஓட்டையை அடைக்க வேண்டியதாயிற்று.

நம் வீடுகளில் கட்டப்பையும் மஞ்சப்பையும் கேட்காமலே பெருகுகின்றன. ஜவுளிக்கடை தருகிறது, கல்யாண வீட்டில் தாம்பூலப்பையாக வருகிறது, தேர்தல் காலத்தில் வருகிறது. ஆகவே எத்தனை பை வழங்கினோம் என்று எண்ணுவது தலைகீழ்க் கணக்கு. நல்ல திட்டத்தின் அடையாளம், வழங்கும் பையின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைவது.

இதற்கு மாதிரி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 2022-ல் நீலகிரியில், சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதன் பேரில், டாஸ்மாக் கடைகள் மதுப்பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கத் தொடங்கின. காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். காட்டில் உடைந்து யானையின் காலைக் கிழித்த பாட்டில்களில் பெரும்பாலானவை கடைக்கு நடந்து வந்தன. குடித்தவருக்குச் சுற்றுச்சூழல் அறிவு திடீரென்று வந்துவிடவில்லை. பாட்டிலுக்கு விலை வந்தது, திரும்பும் வழியும் வந்தது.

மஞ்சப்பை இயந்திரமும் அதே பத்து ரூபாயைத்தான் வாங்குகிறது. திருப்பி வாங்கும் வாய் மட்டும் அதற்கு இல்லை. வடசேரிச் சந்தையில் வாங்கிய பையை வீட்டில் கவிழ்த்துவிட்டு, மறுவாரம் பலசரக்குக் கடையிலோ தோவாளைப் பூச்சந்தையிலோ கொடுத்துப் பத்து ரூபாயைத் திரும்பப் பெற முடிந்தால், துவைத்த பை மறுபடி சுற்றுக்குப் போகும். முப்பது பேர் மறந்து வந்தாலும் முப்பது பை வேண்டாம். ஒரே பை முப்பது நடை போய்த் தன் கடனை அடைத்துவிடும். அதுவரை வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பைகளில் ஒன்றை வண்டியின் முன்கொக்கியில் மாட்டிவைப்பதும், புதிதாக யார் நீட்டினாலும் வேண்டாம் என்பதும் செலவில்லாத வேலை.